பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு பட்டம் கேட்காதீர்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும், பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கும்,

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களைக் கூட்டி சென்ற வாரம் நீங்கள் பேசியபோது இரண்டு விஷயங்களைச் சொன்னீர்கள். இந்த ஆண்டு தேசியப் பட்டம்தான் இலக்கு, அதற்குக் குறைந்து எதையும் ஏற்கமாட்டோம் என்பது ஒன்று. அணியில் 15 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும் 12 பேரோடு நிறுத்திக்கொள்கிறோம், சென்ற ஆண்டு உதவித்தொகை இல்லாமல் ஆடிய மூன்று வாக்-ஆன் மாணவிகளுக்கு இனி இடமில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவதைச் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அந்தப் 12 பேரில் இரண்டு பேர் முட்டி ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஜனவரிக்கு முன் அவர்கள் களமிறங்க வழியில்லை என்று அதே கூட்டத்தில் நீங்களே சொன்னீர்கள். ஆக, நவம்பரில் சீசன் தொடங்கும்போது உங்களிடம் ஓடியாடக்கூடியவர்கள் 10 பேர். பருவத்துக்கு முந்தைய தரவரிசைகள் நம் அணியை மேலே வைத்திருக்கின்றன. அந்த எதிர்பார்ப்பு முழுவதையும் இந்தப் பத்துப் பெண்களின் முட்டிகள்தான் தாங்கப்போகின்றன. இதை என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அமெரிக்க ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, வார இறுதியில் மகள்களைக் கூட்டிக்கொண்டு இந்த ஆட்டங்களுக்கு வருகின்றன. அந்தப் பெண்பிள்ளைகளில் சிலர் இப்போது பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் 11 ஆண்டுகளாக, நம் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் ஆறாவது வரிசையில் நான்கு இருக்கைகள் வைத்திருக்கிறேன். என் மகன் இதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பெண்கள் அணிக்கு எதிராகப் பயிற்சியில் ஆடும் ஆண்கள் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் இது பழைய வழக்கம்தான். அடுத்து வரப்போகும் எதிரணி எப்படி ஆடும் என்று இந்தப் பையன்கள் ஆடிக்காட்டுவார்கள். சம்பளம் கிடையாது, பெயரும் வராது. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தவன், "அம்மா, இன்னைக்கு பிராக்டிஸ்ல அவங்க ஆறு பேர்தான் இருந்தாங்க. மத்த இடத்துல எல்லாம் நாங்கதான் நின்னோம்" என்றான். பயிற்சியில் காலியிடத்தை இப்படி நிரப்பிவிடலாம். ஆட்ட நாளன்று அவன் ஆறாவது வரிசையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து யாரையும் மாற்றி அனுப்ப முடியாது.

அதே பிப்ரவரியில் நம் அரங்கில் நடந்த ஒரு ஆட்டத்தை நீங்கள் இருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். உதவித்தொகை பெறும் 11 பேரில் ஒருத்திக்கு ஜனவரியிலேயே முட்டி போய்விட்டது. இன்னொருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு, இரண்டு பேருக்குக் காய்ச்சல். மிஞ்சியவர்கள் ஏழு பேர். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இருவர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினார்கள். மூன்றாமவள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது பயிற்சியாளர் பெஞ்சின் கடைசிவரை பார்த்துவிட்டு, வாக்-ஆன் மாணவி ஒருத்தியை அழைத்தார். அந்த சீசன் முழுக்க அவள் ஆடியது ஆறு நிமிடம் இருந்தால் அதிகம். உள்ளே போனவள், கூடைக்கு நேராகப் பாய்ந்து வந்த எதிரணி ஃபார்வர்டின் முன்னால் நகராமல் நின்று, மோதலைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு விழுந்தாள். ஃபவுல் எதிரணி மேல். பந்து நமக்கு. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

ஜூலை மாதம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்ததாம். இனி அணியில் இடமில்லை என்று. அவள் என் மகனோடு ஒரே வகுப்பில் படிக்கிறாள். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், பயிற்சியாளர் அவர்களே.

அப்புறம் மார்ச். தேசியப் போட்டியின் இரண்டாவது சுற்று. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் நம் பாயின்ட் கார்டு அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. நாற்பது நிமிடம், நாற்பது, நாற்பது. முட்டியைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினாள். நான்காம் குவார்ட்டரில் ஒரு ரீபவுண்டுக்கு எம்பியவள், யாரும் தொடாமலே இறங்கும்போது விழுந்தாள். அவள் போட்ட சத்தம் ஆறாவது வரிசைவரை கேட்டது. என் பதின்மூன்று வயது மகள் அவளுடைய எண் போட்ட சட்டையைத்தான் அன்று அணிந்திருந்தாள். வீடு வந்து சேரும்வரை பேசவேயில்லை.

நான் மருத்துவர் அல்ல. அதிக நிமிடங்கள் ஆடியதால்தான் அவள் விழுந்தாள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அப்படிச் சொல்லவும் இல்லை. போதுமான ஓய்வோடு ஆடுபவர்களுக்கும் ஏ.சி.எல். என்ற முட்டி ஜவ்வு கிழிகிறது. ஆனால் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குச் சில மடங்கு அதிகமாக வருகிறது என்பதும், வந்தால் ஆடுகளம் திரும்பச் சாதாரணமாக ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் உங்கள் துறைக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒரு சீசனில் ஒருவரோ இருவரோ இப்படி விழுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஒரு பெண்கள் அணியை அமைக்க முடியும். யாரும் விழமாட்டார்கள் என்று நம்பி நீங்கள் அமைத்திருக்கிறீர்கள். அதுவும் இருவர் ஏற்கெனவே விழுந்து கிடக்கும்போது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். கனெடிகட் பல்கலைக்கழகத்தைவிடப் பெரிய பெயர் பெண்கள் கூடைப்பந்தில் உண்டா? 2022-23 சீசனுக்கு முந்தைய தரவரிசையில் அவர்கள் முதல் பத்துக்குள் இருந்தார்கள். ஆகஸ்டிலேயே அவர்களுடைய நட்சத்திர ஆட்டக்காரர் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு ஏ.சி.எல். போனது. பிறகு அதே அணியின் ஏசி ஃபட்டுக்கு முட்டிக் காயம். அடுத்தடுத்து ஆள் குறைந்து, ஜனவரியில் டிபால் அணியோடு நடக்க வேண்டிய ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய லீக்கின் விதிப்படி உதவித்தொகை பெறும் ஆட்டக்காரர்கள் ஏழு பேராவது வேண்டும், அந்த ஏழு பேர் அவர்களிடம் இல்லை. தேசியப் போட்டியில் தொடர்ந்து 14 முறை கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்த அணி, அந்த ஆண்டு அதற்கு முன்பே வெளியேறியது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இன்னும் மோசம். நல்ல வெற்றிகளோடு தொடங்கிய அணி அது. காயங்களால் ஆளில்லாமல் கான்சஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் ஆகிய இரண்டு அணிகளோடு ஆட வேண்டிய ஆட்டங்களையும் ஆடாமலே விட்டுக்கொடுத்தார்கள். பிறகு வளாகத்தில் படிக்கும் மாணவிகளுக்கு அறிவிப்புக் கொடுத்து, தேர்வு வைத்து ஆள் சேர்த்தார்கள். நடு சீசனில், ஒரு பெரிய லீக்கில் ஆடும் அணி! அந்த மாணவிகள் வந்துதான் அணி சீசனை முடித்தது. நீங்கள் ஜூலையில் வெளியே அனுப்பியவர்களைப் போன்றவர்கள்தான் அவர்களும்.

இதற்கு நேர் எதிரான காட்சி 2024 ஏப்ரலில் கிளீவ்லேண்டில் நடந்த இறுதி ஆட்டம். எங்கள் வீட்டில் அன்று பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பக்கம் கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா, மறுபக்கம் சௌத் கரோலைனா. கிளார்க் 30 புள்ளிகள் எடுத்தார். இருந்தும் 87-75 என்று சௌத் கரோலைனா வென்றது. அந்த ஆட்டத்தில் சௌத் கரோலைனாவின் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிகள் 37. அயோவாவின் பெஞ்ச் எடுத்தது பூஜ்யம். அணியிலேயே அதிகமாக 19 புள்ளிகள் எடுத்த டெஸ்ஸா ஜான்சன் முதலாண்டு மாணவி, தொடக்க ஐவரில் இல்லாதவர்.

அந்த அணியின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. முந்தைய ஆண்டின் தொடக்க ஐவரில் ஒருவர்கூட அதில் இல்லை. அலியா பாஸ்டன் உட்பட ஐந்து பேரும் போய்விட்டார்கள். அதனால் சீசனுக்கு முந்தைய தரவரிசையில் சௌத் கரோலைனாவுக்கு ஆறாவது இடம்தான் கிடைத்தது. முதலிடம் பெற்ற எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தன் முதல் ஆட்டத்திலேயே கொலராடோவிடம் தோற்றது. சௌத் கரோலைனா 38 ஆட்டம் ஆடி 38-ஐயும் வென்றது. எப்படி? கமிலா கார்டோசோ, ரேவன் ஜான்சன், பிரீ ஹால் எல்லாரும் அதற்கு முந்தைய ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். பயிற்சியாளர் டான் ஸ்டேலி இவர்களை அணியில் வைத்திருந்தார், ஆடவும் விட்டார். தரவரிசைக்கு வாக்களிப்பவர்கள் தொடக்க ஐவரின் பெயர்களைத்தான் பார்க்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது ஆள் யார் என்று பார்ப்பது பயிற்சியாளரின் வேலை. நம் அணியில் ஒன்பதாவது ஆள் யார் என்று கேட்டால் இன்றைக்கு உங்களால் பதில் சொல்ல முடியுமா?

எதிர்பார்ப்பு என்பது எவ்வளவு பாரமானது என்பதற்கு ஆண்கள் அணிகளிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 2022 இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலைனா, இடைவேளையின்போது கான்சஸைவிட 15 புள்ளிகள் முன்னால் இருந்து, 72-69 என்று தோற்றது. ஐந்து பேரையே பெரும்பாலும் நம்பி ஆடிய அணி. அந்த ஐவரில் நான்கு பேர் திரும்பி வந்ததும் அடுத்த சீசனுக்கு எல்லாரும் அதை முதலிடத்தில் வைத்தார்கள். நவம்பர் கடைசியில் போர்ட்லண்டில் நான்கு நாளில் மூன்று ஆட்டம். மூன்றாவது ஆட்டம் அலபாமாவோடு, நான்கு கூடுதல் நேரங்கள் வரை போய் 103-101 என்று தோற்றது. அறுபது நிமிட ஆட்டம். அதிலிருந்து மூன்றே நாளில் இந்தியானாவில் அடுத்த தோல்வி. தொடர்ந்து நான்கு தோல்விகள். கடைசியில் 20 வெற்றி, 13 தோல்வி. தேசியப் போட்டிக்கே அழைப்பு வரவில்லை. 1985-ல் 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கி அந்தப் போட்டிக்குள்ளேயே நுழையாத முதல் அணி அதுதான். ஆள் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மூன்றாவது கூடுதல் நேரத்தில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்த பயிற்சியாளரின் நிலையை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இயக்குநர் அவர்களே, கூட்டத்தில் நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

எப்படியும் எட்டுப் பேர்தானே ஆடப்போகிறார்கள் என்றீர்கள். உண்மை. 2015-ல் ட்யூக் ஆண்கள் அணி உதவித்தொகை பெறும் எட்டுப் பேரோடுதான் பட்டம் வென்றது. அந்த எட்டுப் பேரில் ஒருவரான கிரேசன் ஆலன் இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 16 புள்ளிகள் எடுத்திருக்காவிட்டால் அந்தப் பட்டம் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்த எட்டுப் பேரும் ஏப்ரல்வரை நல்ல காலோடு இருந்தார்கள். ஆடுகிறவர்கள் எட்டு என்பதும் அணியில் இருப்பவர்கள் எட்டு என்பதும் ஒன்றல்ல. மார்ச்சில் எந்த எட்டுப் பேர் நிற்பார்கள் என்று அக்டோபரில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் 15.

தேவைப்பட்டால் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறது என்றீர்கள். ஜனவரியில் ஒருத்தி விழுந்தால் போர்ட்டல் எதற்கு உதவும்? வேறொரு கல்லூரிக்கு இந்த சீசனில் ஆடிக்கொண்டிருப்பவளை நடுவில் கூட்டிவர முடியாது. அது அடுத்த ஆண்டுக்கான வழி.

பணத்தைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குப் புரியவே இல்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இந்தப் பெண்களின் உழைப்புக்குப் பணம் கிடைப்பதில் எனக்கு முழுச் சம்மதம், இன்னும் அதிகமாகவே கிடைக்க வேண்டும். ஆள் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் பங்கு கூடும் என்கிறீர்கள். ஆனால் நீங்கள் நீக்கிய மூன்று பேரும் வாக்-ஆன்கள். தங்கள் படிப்புச் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். அந்தப் பங்கில் ஒரு டாலர்கூட அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆகும் செலவு ஷூ, சட்டை, விமான டிக்கெட், ஓட்டல் அறை, சாப்பாடு. தேசியப் பட்டத்துக்கு ஆடுகிறோம் என்று சொல்லும் ஒரு துறைக்கு அது பெரிய தொகையா? மேலும், அதே உடன்பாடு, அதில் வந்த 15 பேர் என்ற வரம்பால் இடமிழந்தவர்களை அந்த 15 பேர் கணக்கில் சேர்க்காமலே திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. இடமில்லை என்று தவித்த அணிகளுக்கான ஏற்பாடு அது. உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை, மூன்று இடம் சும்மா கிடக்கிறது.

ஊரில் பள்ளி அணிக்கு ஆடிய நாட்களில், ஒரு மண்டலப் போட்டிக்கு நாங்கள் ஆறே பேர் போனோம். சிமென்ட் தரை, மே மாத வெயில். இரண்டு பேர் ஃபவுலில் வெளியேறியதும் கடைசிப் பத்து நிமிடம் நான்கு பேராக ஆடினோம். தோற்றது எனக்கு மறந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் பி.டி. டீச்சர் கடைசிவரை தலையில் கை வைத்திருந்தது மறக்கவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, எங்கள் பள்ளியில் ஆடத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர்தான். உங்களுக்கு இருக்கிறது. இந்த வளாகத்தில் பள்ளி அளவில் நன்றாக ஆடிவிட்டு வந்த மாணவிகள் எத்தனையோ பேர், மாலை நேரங்களில் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள்.

நான் கேட்பவை இவை. காலியாக இருக்கும் மூன்று இடங்களையும் முதல் ஆட்டத்துக்கு முன் நிரப்புங்கள். முதலில் அந்த மூன்று மாணவிகளையும் நேரில் அழைத்து, திரும்பி வர விருப்பமா என்று கேளுங்கள். அவர்களில் யாராவது மறுத்தால், வளாகத்தில் திறந்த தேர்வு நடத்துங்கள். முட்டி அறுவை சிகிச்சை முடிந்த இருவரும் எப்போது களமிறங்கலாம் என்ற முடிவை அணி நிர்வாகத்தின் கையில் இல்லாத ஒரு மருத்துவரிடம் விடுங்கள், ஆள் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு வாரம்கூட அதை முன்தள்ளாதீர்கள். பயிற்சியாளர் அவர்களே, நவம்பர், டிசம்பர் ஆட்டங்களில் யாரையும் சராசரியாக 32 நிமிடத்துக்கு மேல் ஆடவிடமாட்டோம் என்று சொல்லுங்கள். அதனால் இரண்டு ஆட்டம் தோற்றாலும் நாங்கள் இருக்கையை விட்டுப் போகமாட்டோம். 11 ஆண்டுகளில் நிறையத் தோல்விகளைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். பட்டத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அரங்க வாசலில் தொங்கும் பதாகையையும், டிக்கெட் விளம்பரத்தில் இருக்கும் அதே வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். இருபது வயதுப் பெண்கள் தினமும் அதற்குக் கீழே நடந்துதான் பயிற்சிக்குப் போகிறார்கள்.

இருக்கைகளோடு சேர்த்து ஆண்டுதோறும் நாங்கள் தரும் நன்கொடையை இந்த முறை நிறுத்திவைத்திருக்கிறேன். அந்தத் தொகையை மூன்று வாக்-ஆன் மாணவிகளின் பயணத்துக்கும் ஷூவுக்கும் மட்டும் என்று எழுதித் தந்தால் அன்றே அனுப்பிவிடுகிறேன். பக்கத்து இருக்கைகளில் இருக்கும் நான்கு குடும்பங்களும் இதையே சொல்லியிருக்கின்றன. முதல் ஆட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். திறந்த தேர்வை ஒரு சனிக்கிழமை காலையில் வைத்துவிடலாம், பந்து பொறுக்கிப் போட என் மகனும் அவன் நண்பர்களும் வருகிறோம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
பெஞ்சுக்குப் பின்னால் ஆறாவது வரிசையிலிருந்து ஒரு தாய்